மூன்றரைக் கட்டை ஏன் இல்லை?

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பாட்டுக்கு அப்புறம் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் விருப்பக்குறி போட்டுவிட்டுப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் பேசினார். பத்தாம் வகுப்பில் வரலாற்றில் 41 வாங்கியவர். இப்போது பெரிய வேலை, சனி ஞாயிறுகளில் நண்பர்களோடு பேஸ் கிட்டார் வாசிப்பு. அங்கே ரிக்கன்பேக்கர் என்று ஒரு கிட்டார் கம்பெனி. கலிபோர்னியாக்காரர்கள். 1957-ல் முதல் பேஸ் கிட்டாரைச் செய்தார்கள். 1965-ல் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கைக்கு ஒன்று போய்ச் சேர்ந்ததும் பேர் பெரிதாகிவிட்டது. ஆனால் இன்றுவரை வாசிக்கிறவர்களுக்குள் அதைப் பற்றி ஒத்த கருத்து கிடையாதாம். கணீரென்று அத்தனை வாத்தியத்தையும் தாண்டிக் கேட்கும் என்று ஒரு கட்சி. அந்தக் கணீர்தான் கோளாறு, பேஸ் என்றால் அடியில் கிடந்து தாங்க வேண்டும், மேலே வந்து முட்டக் கூடாது என்று இன்னொரு கட்சி. உடம்பின் விளிம்பு முழங்கையை அறுக்கும், பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உலோக மூடி கையைத் தடுக்கும் என்று மூன்றாவது கட்சி. எல்லாம் சொல்லிவிட்டு, "சார், நம்ம ஊர்ல ஒரு வாத்தியத்துக்காக இப்படி அடிச்சுக்கிட்டது உண்டா?" என்று கேட்டார்.

உண்டா என்றா கேட்கிறீர்கள் தம்பி? ஒரு வாத்தியத்தை இந்திய அரசாங்க வானொலி முப்பத்தோரு வருஷம் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. அந்தப் பெட்டிகளில் ஒன்று இப்போதும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஹார்மோனியம்.

என் தாய்மாமா நாடக ஆர்மோனியக்காரர். (எங்கள் பக்கத்தில் 'ஹா' வராது, ஆர்மோனியம்தான். சுருக்கமாகப் பெட்டி.) பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் அவரை ராஜபாளையத்தில் பார்க்க முடியாது. இந்தப் பக்கம் சங்கரன்கோவில், அந்தப் பக்கம் சாத்தூர், விளாத்திகுளம் என்று எந்த ஊரில் பொங்கல் வைத்தாலும் ராத்திரி பத்து மணிக்கு வள்ளி திருமணம் தொடங்கும், விடியும்போது முடியும். மாமா விடிந்து வருவார், கண் சிவந்திருக்கும், விரல் நுனி தடித்திருக்கும். சாயங்காலம் வரை தூங்குவார்.

என் தங்கைக்கு நல்ல குரல். 1962 என்று நினைவு, அவளுக்கு ஒன்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாட்டு வாத்தியாரிடம் சேர்க்க அம்மா முடிவு செய்தாள். ஆண்டாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. சின்ன வீடு, திண்ணை, உள்ளே ஒரு பிடில், ஒரு சுருதிப் பெட்டி. பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் போனோம், அம்மா, தங்கை, நான், துணைக்கு மாமா. மாமா உள்ளே வரவில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வாத்தியார் தங்கையைப் பாடச் சொல்லிக் கேட்டார். திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம் அம்மாவிடம், "ஆத்துல பெட்டி கிட்டி இருக்கா?" என்றார்.

"இருக்கு சாமி. தம்பி நாடகத்துக்கு வாசிக்கிறான்."

"அதை வச்சுண்டு குழந்தை பாடப்படாது. காது கெட்டுப் போயிடும். நான் சொல்றேன்னு வருத்தப்படாதீங்கோ."

அம்மா முகம் சுண்டிவிட்டது. திண்ணையில் மாமாவுக்குக் கேட்டிருக்கும், கேட்காமல் இருக்காது. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வாத்தியார் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பார்ப்போம். பல வருஷம் நான் அதை வெறும் கர்வம் என்று நினைத்திருந்தேன். அது என் அவசரம்.

ஹார்மோனியம் நம்முடையது அல்ல. பாரிஸில் அலெக்சாண்டர் தெபேன் என்பவர் 1842-ல் காப்புரிமை வாங்கிய கருவி. காலால் துருத்தி மிதித்து இரண்டு கையாலும் வாசிப்பது. பைப் ஆர்கன் வைக்க வசதியில்லாத சின்ன தேவாலயங்களுக்காகப் பரவியது. பாதிரிமாரோடும் துரைமாரோடும் கப்பலேறி இங்கே வந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்கிற பழக்கம் நமக்கு இல்லையே. கல்கத்தாவில் துவார்க்கின் கம்பெனி நடத்திய துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் வைத்து வாசிக்கும்படி சின்னதாக்கினார். துருத்தியைப் பின்பக்கம் வைத்து இடது கைக்குக் கொடுத்தார், கட்டைகள் வலது கைக்கு. நம் பாட்டுக்கு ஒரே நேரத்தில் பல சுரம் சேர்த்து வாசிக்கிற வேலை இல்லை, ஆகவே ஒரு கை போதும். அந்தப் புத்திசாலித்தனம்தான் இந்தியா முழுக்க இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உள்ளே இருப்பது பித்தளை நாக்குகள், ரீடு என்பார்கள். காற்று பட்டால் ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள ஒரே ஒரு சுரத்தைப் பேசும். நாக்கின் நுனியை அரத்தால் கொஞ்சம் தேய்த்தால் சுருதி ஏறும், அடிப்பக்கம் தேய்த்தால் இறங்கும். மாமா இதைச் செய்யும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார், எங்களைப் பக்கத்தில் விடமாட்டார். குஜராத்தில் பாலிதானா ரீடா, ஜெர்மன் ரீடா என்று பெட்டிக்காரர்களுக்குள்ளேயே தனிச் சண்டை உண்டு. அதற்குள் போனால் பதிவு முடியாது.

தமிழ்நாட்டில் இதைத் தோளில் தூக்கிக்கொண்டது நாடகம்தான். சங்கரதாஸ் சுவாமிகளை (1867–1922) உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருக்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டிக்காரர். 1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை அமைத்தவர், டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் வளர்ந்தவர்கள். அவருடைய நாடகங்களில் பாட்டுதான் வசனத்தைத் தூக்கிக்கொண்டு போகும். மைக் இல்லாத காலம். திறந்தவெளியில் இரண்டாயிரம் பேர். பிடில் சத்தம் முதல் மூன்று வரிசையோடு நின்றுவிடும். ஆர்மோனியம் கடைசியில் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பவன் வரைக்கும் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. இதை நான் மாமாவிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகை கிடையாது. வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், முருகன் இன்னொரு ஊர், நாரதர் மூன்றாவது ஊர், பபூன் நாலாவது ஊர். மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சுருதி. இவர் பாடி முடித்ததும் அவருக்கு உடனே மாற வேண்டும். பெட்டியில் கையை நாலு கட்டை தள்ளி வைத்தால் போதும், சுருதி மாறிவிடும். தம்புராவையோ பிடிலையோ அப்படி நொடியில் மாற்ற முடியாது. பாடகர் அடி மறந்தால் எடுத்துக் கொடுப்பது, மூச்சு வாங்கினால் அந்த இடத்தை நிரப்புவது, பபூன் வம்புக்கு இழுத்தால் பதில் சொல்வது, எல்லாம் ஆர்மோனியக்காரர் வேலை.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைக் கேட்டிருக்கிறீர்களா? நம் ஊரிலிருந்து தென்காசி சாலையில் போனால் செங்கோட்டை. 1906-ல் பிறந்து 1933-ல், இருபத்தேழே வயதில், போய்விட்டார். இசைத்தட்டுகள் இருக்கின்றன, தேடிக் கேளுங்கள். அந்த உச்சக் குரலுக்குப் பின்னால் ஆர்மோனியம் கேட்கும். வாசித்தவர் அண்ணன் காசி அய்யர். 'எவரனி' கீர்த்தனையைக் கேட்டுவிட்டு இது நாடகமா கச்சேரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது வாத்தியார் கட்சி. எட்டாம் வகுப்புக் கணக்குதான், பயப்படாதீர்கள். கீழ் ஸட்ஜம் நொடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொண்டால் மேல் ஸட்ஜம் 480. இடையில் அந்தர காந்தாரம் இயற்கையாக விழுகிற இடம் 300, அதாவது ஒன்றேகால் மடங்கு. தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டிக் காதை வைத்தால் யாரும் வாசிக்காமலே அந்தக் காந்தாரம் கேட்கும், சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஆனால் பெட்டியில் எந்தக் கட்டையையும் ஸட்ஜமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, பன்னிரண்டு சுரங்களையும் சரிசமமாகக் கூறு போட்டுவிட்டார்கள். அப்படிச் செய்தால் காந்தாரம் 302-க்கும் சற்று மேலே போய் நிற்கும். இரண்டு அதிர்வுதானே என்பீர்கள். தம்புரா 300-க்குரிய காந்தாரத்தைப் பாடிக்கொண்டிருக்கும்போது பெட்டி 302-ஐ அழுத்தினால் இரண்டும் உரசும். பழகிய காதுக்கு அது பல்லில் மணல் கடிபடுகிற மாதிரி.

அதைவிடப் பெரிய குறை கமகம். நம் சங்கீதத்தில் சுரம் என்பது ஒரு புள்ளியில்லை, போய்வருகிற பாதை. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் ஊஞ்சலாடும், அந்த ஆட்டம்தான் தோடி. பிடில் விரல் வழுக்கும். புல்லாங்குழலில் துளையைப் பாதி மூடலாம். நாகஸ்வரத்தில் உதடும் மூச்சும் செய்யும். பெட்டியில் கட்டையை அழுத்தினால் அது ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். இடையில் இருக்கிற இடத்துக்குக் கட்டையே இல்லை. ஒன்பது வயதுக் குழந்தை அதோடு தினம் பாடினால், ஆணி அடித்த இடங்கள்தான் சுரம் என்று நினைத்துவிடும். வாத்தியார் பயந்தது இதற்குத்தான். பயம் நியாயமானது என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கிலும் எல்லாரும் ஒரே பக்கம் இல்லை. நம் பக்கத்து மனிதர் ஒருவர் எதிர்க் கட்சி. தென்காசிக்குப் பக்கத்தில் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தஞ்சாவூரில் சித்த மருத்துவம் பார்த்துச் சம்பாதித்ததையெல்லாம் இசை ஆராய்ச்சியில் கொட்டியவர். 1916-ல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு. இருபத்திரண்டு சுருதி என்பதுதான் அன்றைக்குப் பெரியவர்கள் வேதவாக்கு. கிளெமெண்ட்ஸ் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரியும் சாங்கிலி தேவலும் சேர்ந்து இருபத்திரண்டு சுருதியும் பேசுகிற ஆர்மோனியமே செய்ய வைத்திருந்தார்கள்! பண்டிதர் அங்கே போய், ஸ்தாயியைச் சம இடைவெளியாகத்தான் பிரிக்க வேண்டும், பன்னிரண்டு, அதைப் பாதியாக்கினால் இருபத்துநான்கு, இதுவே பழந்தமிழர் கணக்கு என்று வாதாடினார். மகளை வீணை வாசிக்க வைத்துக் காட்டினார். அடுத்த வருஷம் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அவர் முடிவு சரியா தப்பா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எனக்கே அதில் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் 'சமமாகக் கூறு போட்டது வெள்ளைக்காரன் செய்த பாவம்' என்று பேசுகிறவர்கள் பண்டிதரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இதுவரை நடந்தது காதின் சண்டை. இதற்குள் தேசம் வந்து புகுந்தபோதுதான் விஷயம் முற்றியது. சுதேசி காலம். கொழும்புத் தமிழர் சர் முத்து குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி இந்தியக் கலைக்காக உலகமெல்லாம் பேசியவர், ஆர்மோனியத்தைக் கடுமையாகத் தாக்கினார். நம் பாரதியாரும் சங்கீதம் பற்றிய கட்டுரையில் அதைக் கடிந்துகொண்டார். பாரதிக்கு எரிச்சல், சுருதி ஞானமே இல்லாதவனும் காசு கொடுத்துப் பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு தெருவைப் படுத்துகிறானே என்பது. (சிலர் கரோக்கே மைக் வாங்கி வைத்திருக்கிறீர்களே, அதுமாதிரி. பெயர் சொல்லவில்லை.)

வேடிக்கை என்னவென்றால், கடைசி அடி கொடுத்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள். டில்லி வானொலியில் மேல்நாட்டுச் சங்கீதப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ஃபோல்ட்ஸ் 1938-ல் வானொலிப் பத்திரிகையில் இந்தப் பெட்டியைக் கிழித்து எழுதினார். வானொலித் தலைமை அதிகாரி லயனல் ஃபீல்டனுக்கும் அது ஆகாது. 1940 தொடக்கத்தில் தாகூர், நான் எப்போதும் இதற்கு எதிரிதான் என்ற கருத்தில் கல்கத்தா நிலையத்துக்கு எழுதினார். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஹார்மோனியம் கூடாது என்று ஆகிவிட்டது. ஐரோப்பாவில் பிறந்த கருவியை, இந்தியத்தன்மை இல்லை என்று சொல்லி ஐரோப்பியர்கள் வெளியேற்றினார்கள், நம் பெரியவர்கள் கைதட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் உத்தரவு போகவில்லை.

அப்படியானால் பிடில்? அதுவும் கப்பலில் வந்ததுதான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் கற்றுக்கொண்டார், அப்புறம் அது இல்லாமல் கச்சேரியே இல்லை என்றாயிற்று. பிறகு மாண்டலின் சீனிவாஸ் வந்தார், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கொண்டுவந்தார். அந்நியக் கருவி என்பது மட்டும் காரணமாக இருந்தால் இவை எதுவும் மேடை ஏறியிருக்க முடியாது. கமகம் வராது என்பது மட்டும் காரணமா? வடக்கே கயாலிலும் சுரம் வழுக்கிக்கொண்டுதான் போகிறது. அங்கே அப்பா ஜல்காவ்ங்கர் போன்ற மேதைகள் பெரிய பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி வாசித்திருக்கிறார்கள். தெற்கிலும் பல்லடம் வேங்கடரமண ராவ் இதில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்தவர். (பஞ்சாபில் சண்டை இப்போதும் சூடாக இருக்கிறது. பொற்கோயிலில் கீர்த்தனைக்கு ஹார்மோனியத்தைப் படிப்படியாக விட்டு, பழைய தந்தி வாத்தியங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று அகால் தக்த் 2022-ல் சொன்னது.)

ஆக, பெட்டியின் குறைகள் உண்மை. ஆனால் அந்தக் குறைகள் மட்டும் அதைக் கீழே இறக்கவில்லை. தெற்கில் அது யார் கையில் இருந்தது என்று பாருங்கள். நாடகக்காரன் கையில், பஜனை மடத்தில், கல்யாண வீட்டில், கட்சி மேடையில். சபா மேடைக்குப் போகிறவர்கள் நாடக மேடையைப் பார்த்து முகம் சுளித்த காலம் அது. கூத்தாடி என்று சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள். என் மாமாவுக்கே முப்பத்தாறு வயதில்தான் கல்யாணம், அதுவும் 'பையன் மில்லில் வேலை' என்று பொய் சொல்லித்தான் நடந்தது. அத்தைக்குப் பங்குனி மாதம் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. (அத்தை கடைசிவரை அதைச் சொல்லிச் சிரிப்பார், மாமா சிரிக்க மாட்டார்.) காந்தாரம் 302-ல் நிற்கிறது என்று சொன்னால் மாமா ஒப்புக்கொண்டிருப்பார், அவருக்கே தெரியும். ஆனால் காந்தாரத்தைச் சொல்கிற சாக்கில் ஆளைச் சொன்னார்கள். அது அவருக்கும் தெரியும்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்த் திண்ணைக்கு வருகிறேன்.

வாத்தியார் பெட்டியை மூடி வைக்கச் சொன்ன பிறகு, பாடம் ஆரம்பிக்க அம்மாவிடம் கேட்டார், "குழந்தைக்கு எத்தனை கட்டை வரும்?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. திண்ணையிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "அஞ்சரை தாராளமா வரும் சாமி."

வாத்தியார் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மாமா எழுந்து நின்று துண்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார். "சாமி, தப்பா நினைக்கக் கூடாது. அஞ்சரைக் கட்டைங்கிறோம். நாலரை இருக்கு, ரெண்டரை இருக்கு. மூணரை ஏன் சாமி இல்ல?"

உங்களில் பாட்டு கற்றவர்கள் இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். கர்நாடக சங்கீதத்தில் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். ஆண்கள் ஒன்று, ஒன்றரை. பெண்கள் ஐந்து, ஐந்தரை. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஏழரைக் கட்டையும் இல்லை, ஏழரை ஜாதகத்தில் மட்டும்தான் உண்டு. ஏன்? கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. முதல் வெள்ளை ஒன்று, அடுத்தது இரண்டு. இடையில் இருக்கிற கறுப்புக் கட்டை ஒன்றரை. மூன்றாம் வெள்ளைக்கும் நாலாம் வெள்ளைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே மூன்றரை இல்லை. ஏழாவதுக்கு அடுத்தும் அப்படியே. பெட்டியைத் தொட்டால் காது கெடும் என்று சொன்ன சங்கீதம், தன் குரலை அளக்கிற முழக்கோலை அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. வாத்தியார் பக்கத்திலிருந்த சுருதிப் பெட்டி மட்டும் என்ன? கட்டைகளை எடுத்துவிட்டு, அதே துருத்தி, அதே ரீடு. ஆர்மோனியத்தின் ஊமைத் தம்பி.

வாத்தியார் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "மூணரை இருந்தா உங்க பொட்டியிலன்னா இருக்கணும்!" என்றார். "உள்ளே வாங்கோ, ஏன் திண்ணையில உட்காந்திருக்கேள்?" மாமா போனார். காப்பி வந்தது. ஆனால் பெட்டியை மூடி வைக்கிற உத்தரவை அவர் வாபஸ் வாங்கவில்லை. தங்கை ஏழு வருஷம் அவரிடம் படித்தாள், அத்தனை வருஷமும் அவள் சாதகம் செய்கிற நேரத்தில் மாமா பெட்டியைத் திறந்ததில்லை. யாரும் சொல்லவில்லை, அவராகவே.

1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு ரேடியோவும் வந்தது. சாயங்காலம் கச்சேரி கேட்போம். மாமாவும் கேட்பார், நன்றாக இருந்தால் தொடையில் தாளம் போடுவார். ஒருமுறை நான், விவரம் தெரியாமல், "மாமா, நீங்க எப்ப ரேடியோவுல வாசிப்பீங்க?" என்றேன். "நான் போகலாம்டா, பெட்டியை விடமாட்டான்" என்றார். அவ்வளவுதான். அந்த உத்தரவின் தேதி, பேர், காரணம் எல்லாம் பின்னால் வரலாறு படிக்கப் போனபோது நானாகத் தேடித் தெரிந்துகொண்டவை.

மாமா 1969-ல் இறந்தார். துக்கம் கேட்க வாத்தியார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். வயதாகிவிட்டது, ஒரு பையன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் சொன்னார். "உங்க மாமா வாசிச்சு நான் கேட்டிருக்கேன், தெரியுமோ? மம்சாபுரத்துல. கூட்டத்துக்குப் பின்னாடி நின்னுண்டு கேட்டேன். தோடியில ஒரு பாட்டு. காந்தாரத்துல விரலை வச்சு நிக்கவே இல்லை மனுஷன். ரிஷபத்தைத் தொட்டு, மத்தியமத்தைத் தொட்டு, நடுவுல காந்தாரத்தை நம்ம காதையே பாட வச்சுட்டார். அந்தப் பெட்டியில எது இல்லைன்னு தெரிஞ்சவன்தான் அப்படி வாசிக்க முடியும்."

அதை மாமா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

1970-ல் டில்லியில் இது பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. வாதங்கள் எல்லாம் பழைய வாதங்களே. 1971-ல் தடையை ஓரளவு தளர்த்தினார்கள். தேர்ந்த கலைஞர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கலாம், தனிக் கச்சேரிக்கு அனுமதி இல்லை. அதற்குள் சினிமாவில் எம்.எஸ். விஸ்வநாதன் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டையே பாட வைத்திருந்தார். சில வருஷத்தில் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா இன்னொரு பெட்டியோடு வந்தார். கருத்தரங்கில் தீராதது டீக்கடையில் தீர்ந்துவிட்டது. ஆனால் சபாவில் இன்றும் தீரவில்லை. தீர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. என் காதுக்கும் தோடிக்குப் பிடில்தான் வேண்டும். உத்தரவு போட்டு ஒரு வாத்தியத்தை வெளியே நிறுத்தியதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பெட்டிக்கு வருகிறேன். போன மாதம் தங்கையின் பேத்தி வந்திருந்தாள். பாட்டு கற்கிறாள், கைபேசியில் தம்புரா வைத்துக்கொண்டுதான் சாதகம். "தாத்தா, இதுல ஜி ஷார்ப்னு போட்டிருக்கு. எங்க மிஸ் அஞ்சரைக் கட்டைங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?" என்றாள். பையனைப் பரணில் ஏறச் சொல்லிப் பெட்டியை இறக்கினேன். துருத்தித் தோலை எலி கடித்திருக்கிறது, இரண்டு ரீடு பேசவில்லை. ஐந்தாவது வெள்ளைக்கு அடுத்த கறுப்புக் கட்டை மட்டும் மாமா விரல் பட்டுப் பட்டு ஓரத்தில் வெளுத்திருந்தது. தங்கையைப் போல அந்தச் சுருதியில் பாடின வள்ளிகள் எத்தனை பேரோ. "இதுதான் அஞ்சரை" என்று அழுத்திக் காட்டினேன். கொஞ்சம் இருமியது, அப்புறம் பேசியது. கைபேசியும் பெட்டியும் ஒன்றுக்கொன்று உரசியது அவளுக்கே கேட்டது. "தாத்தா, ஒட்ட மாட்டேங்குது" என்றாள். காது நன்றாக இருக்கிறது.

குடும்பக் குழுவில் யாரோ 'ஆன்டிக் பீஸ், நல்ல விலை போகும்' என்று போட்டிருந்தீர்கள். விலை கேட்டு யாரும் போன் செய்ய வேண்டாம். மதுரைப் பக்கம் துருத்திக்குத் தோல் மாற்றத் தெரிந்தவர் யாராவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள். ரீடை நான் தொடப் போவதில்லை. மாமா சேர்த்து வைத்தது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.